நூற்றில் ஒன்று

அங்கே காலை பத்து.
இங்கே முதுநகர் துறைமுகத்தில் ஐந்தரை,
உப்பனாற்றுக்கு இன்னும் நிறம் வரவில்லை.
ஐஸ் கம்பெனி மேசையில்
பில் புத்தகத்துக்குச் சாய்த்துப்
போனை நிறுத்தியிருக்கிறேன்.

பெண்கள் இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல்.
இரண்டாவது ஹீட், எட்டாவது பாதை.
சோனங்குப்பம் இலக்கியா
தோள்களை அறைந்துகொள்கிறாள்,
வலது, இடது, மறுபடி வலது.
அது என் பழக்கம். என்னிடமிருந்து எடுத்தது.

பெயர் வாசிக்கிறவர்
அவள் பெயரின் நடுவில் தடுக்கி விழுந்து
நாட்டின் பெயரில் எழுந்துகொள்கிறார்.

பின்னால் நொறுக்கும் எந்திரம்
ஒருமுறை உறுமி நிற்கிறது.
“யாரு, நம்ம மதியழகன் பொண்ணா?”
குப்புராஜோடு இன்னும் இரண்டு பேர்,
ஈரச் சாக்கு வாடையோடு
என் தோளுக்குப் பின்னால்.

குதித்துவிட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன், வேளச்சேரிக் குளம்.
அவள் நான்கில், நான் ஐந்தில்.
பலகையில் அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே,
நடுவில் வினாடியில் நூற்றில் ஒன்று.
ஒரு நகம் அளவு என்றார்கள்.
முந்தின ராத்திரிதான்
விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து
பத்து விரலுக்கும் நகம் வெட்டியிருந்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் சிரிப்பார்கள்.
சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

கேமரா நடுப்பாதைகளை விட்டு நகர்வதாயில்லை.
நீள நீளக் கைகள், ஒரு மஞ்சள் தொப்பி.
எட்டாவது பாதை திரைக்கு வெளியே.
ஓரத்தில் எப்போதாவது ஒரு வெள்ளைத் தெறிப்பு,
அதுதான் அவள் என்கிறேன்.
“எது?”
“அது.”
“போயிடுச்சே.”

நூறு மீட்டர். நூற்றிருபது.
மூன்றாவது திருப்பத்துக்கு
ஐந்து மீட்டர் இருக்கையில்
படம் உறைந்தது.
வட்டம் ஒன்று சுற்றுகிறது, சுற்றுகிறது.
நூற்று நாற்பது கிலோ பார்களுக்கு நடுவே
தண்ணீருக்காக நிற்கிறோம்.

எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
வாய் தானாகத் தொடங்கிவிட்டது.
கடைசி ஐம்பதுக்கு அவளுக்கு நாற்பத்திரண்டு வீச்சு.
ஐந்து, ஆறு,
சுவரை உதைத்த கால் இன்னும் விறைத்திருக்கும்,
பதினொன்று, பன்னிரண்டு,
தோள் எரிய ஆரம்பிக்கும் இடம்,
இருபதில் மூச்செடுக்காதே, எடுக்காதே,
குப்புராஜ் கொக்கியைக் கீழே வைத்துவிட்டான்,
முப்பத்தாறு,
நாற்பது,
மேசை விளிம்பைத் தொட்டது என் கை,
நகம் முதலில்.

படம் திரும்பியபோது
தண்ணீர் அடங்கியிருந்தது.
பலகையின் கடைசி வரியில் அவள்.
அவளுடைய நல்ல நேரத்தைவிட
ஒரு வினாடிக்கு மேல் அதிகம்.
நான் எண்ணியதில் ஐந்தாவதாக வந்திருந்தாள்.
வந்தது அவளா என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

“வுடு, அவ்ளோ தூரம் போனதே பெருசு.”
எந்திரம் மறுபடி உறுமியது.
வேல்முருகன் படகுக்கு முப்பது பார், எழுதினேன்.
கார்பன் தாள் தலைகீழாய் இருந்ததை
மூன்று பில்லுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஏழே காலுக்கு மெசேஜ்:
பாத்தியா?
இல்லடி, லோடு. டைமே இல்ல.
நல்லவேள. மூணாவது திருப்பத்துல
கால் சறுக்கிடுச்சு. சுவரே கிடைக்கல.

படம் உறைந்த இடம்.
எனக்கு அந்தச் சுவர்
இரண்டு பாதத்துக்கும் முழுசாகக் கிடைத்திருந்தது.

யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்:
ஏய், நல்லாத்தான் திரும்புன.